பேரேட்டைத் திருத்தும் கை

பிளாக்செயின் பற்றிப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து குவியும் ஆய்வுகளில் ஒரு சொல் மந்திரம்போலத் திரும்பத் திரும்ப வருகிறது: நம்பிக்கை. இடையில் வங்கி வேண்டாம், அரசு வேண்டாம், யாரும் யாரையும் நம்ப வேண்டாம். எல்லோர் கையிலும் ஒரே பேரேடு. ஆகவே அதிகாரம் கலைந்துவிட்டதாம். தமிழ் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். பேரேடும் ஒரு பிரதிதான். எழுதுவது யார், திருத்துவது யார் என்று கேட்பதுதானே நம்ம வேலை.

2008 அக்டோபரில் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரைதான் இந்தச் சொல்லாடலின் மூலப்பிரதி. ஆசிரியன் யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் அது சுட்டும் எட்டு நூல்களில் மூன்று, ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் பங்கேற்று எழுதியவை. ஆவணத்தின் தேதியைப் பின்னால் யாரும் மாற்றாமல் காப்பது எப்படி என்பது 1991இல் அவர்கள் எழுப்பிய கேள்வி. ஒவ்வொரு பதிவுக்குள்ளும் முந்தையதன் ரேகையைக் கோத்துவிட்டால், நடுவில் ஒன்றைத் தொட்டாலும் அடுத்ததெல்லாம் பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அழியாதது வேறு, உண்மை வேறு. பொய்யை எழுதினாலும் சங்கிலி அதே பத்திரத்தோடு காக்கும்.

அழியாதது என்பதாவது நிஜமா? 2016இல் எதீரியத்தின்மேல் ‘தி டாவோ’ என்ற கூட்டு நிதி தொடங்கப்பட்டது. நிரலே சட்டம் என்றார்கள். ஜூன் 17 அன்று நிரலின் ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் உருவப்பட்டது. ஜூலை 20 அன்று, பணம் போட்டவர்களுக்கே அது திரும்பும்படி பேரேட்டில் கை வைத்தார்கள். ஒப்பாதவர்கள் பழைய பேரேட்டோடு ‘எதீரியம் கிளாசிக்’ எனப் பிரிந்தார்கள். உருவினவருக்காக நான் பரிந்து பேசவில்லை. திருத்தமுடியாதது திருத்தப்பட்டது, வலு இருந்தவர்கள் கேட்டதால் திருத்தப்பட்டது.

இப்போது ஜோர்டானின் அஸ்ராக் முகாமுக்குப் போவோம். 2017 மே மாதம் உலக உணவுத் திட்டம் அங்கே பத்தாயிரம் சிரிய அகதிகளின் உணவு உதவியை பிளாக்செயினில் ஏற்றியது. கடையில் கருவிமுன் கண்ணைக் காட்டினால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். வங்கிக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அது உண்மையான லாபம்தான். ஆனால் தொடக்கத்தில் அந்தப் பேரேட்டை வைத்திருந்தது அந்த ஒரே நிறுவனம். சாவி அகதியின் கையில் இல்லை. அவளிடம் கேட்கப்பட்டது அவள் கண் மட்டுமே. எல்லோர் கையிலும் ஒரே பேரேடு என்ற பேச்சு முகாமின் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

முதலீட்டாளன் கேட்டால் பேரேடு வளைகிறது; அகதியின் முன்னால் கல்லாக நிற்கிறது. இரண்டையும் ஒரே பெயரில், ஒரே வரைபடத்தில் அடைக்கும் ஆய்வு எதை மறைக்கிறது என்று தோழர்கள் யோசிக்கவேண்டும். அடுத்த முறை இப்படியொரு கட்டுரை கைக்கு வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தன் பெயரில் தப்பாக எழுதப்பட்டிருந்தால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? இதற்குப் பதில் இல்லாத கட்டுரை, எத்தனை சமன்பாடுகளோடு வந்தாலும், பண்ணையார் வீட்டுக் கணக்கு நோட்டுக்குப் புது அட்டை போட்டு நீட்டுகிறது, அவ்வளவுதான்.