காகித நுண்ணோக்கியும் முல்லையாற்று நீரும்

காகிதத்தை மடித்துச் செய்த நுண்ணோக்கியொன்று குடிநீரின் குற்றத்தைக் காட்டிக் கொடுக்குமா என்ற கேள்வி, முல்லையாற்றை நம்பியே தாகம் தீர்க்கும் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று. இந்தியாவில் பிறந்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் மனு பிரகாஷும் அவருடைய சகாக்களும் 2014-இல் உலகுக்கு அறிவித்த ‘ஃபோல்ட்ஸ்கோப்’ என்னும் அந்தச் சாதனம் தட்டையான தாளாகவே கைக்கு வருகிறது. கோடுகளின்படி மடித்து, நாக்குகளைத் துளைகளில் செருகி, மணியளவான கண்ணாடி வில்லையைப் பொருத்திவிட்டால், பொருள்களை 140 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது.

அப்பள்ளத்தாக்கிலுள்ள உத்தமபாளையத்துக்கு அருகே, வாய்க்காலின் பாசி படிந்த ஓரத்தில் மொண்ட நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு மூடி, காந்த வளையத்தால் கைப்பேசிக் கேமராவோடு கருவியை ஒட்டவைத்து, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் காகிதப் பட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியபோது, மங்கிய வட்டத்துக்குள் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பிராணி ஒன்று துள்ளியது. உடல் தடித்த பிராணியாதலால் முழுவதும் ஒருசேரத் தெளியாமல், ஒருமுறை கால்களும் மறுமுறை ஒற்றைச் செங்கண்ணுமாகத் தோன்றிற்று. இந்த அற்ப ஜீவனின் உடலில் குடியிருந்துதான் நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சுகள் ஒரு காலத்தில் மனித தேகத்துக்குள் புகுந்தன. படிக்கிணறுகளை மாற்றியும், நீரைத் துணியில் வடிகட்டச் சொல்லியும் அந்நோயை விரட்டிய பாரதம், 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அன்று இக்கருவி இருந்திருந்தால், பள்ளிப் பிள்ளைகளே தம் ஊர்க் கிணற்றைச் சோதித்திருப்பார்கள்.

இன்றைய அபாயமோ இன்னும் சூக்ஷ்மமானது. நீரின் வழியே பரவும் குடல் ஒட்டுண்ணிகளுள், உறைக்குள் ஒடுங்கிய ஜியார்டியா 8 முதல் 12 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரானே. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கும் சாகாத இந்தப் பின்னதுதான், 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. 2 மைக்ரான் வரை பிரித்தறியும் இக்கருவிக்கு அவை தென்படக்கூடும். எனினும், நிறமும் அசைவுமற்றுக் கிடக்கும் உருண்டையொன்றைப் பாசியின் வித்தினின்றும் பிரித்தறிவது சாயமேற்றாத கண்ணுக்கு ஆகாத காரியம். அன்றியும், ஒரு சொட்டென்பது ஒரு லிட்டரில் ஏறக்குறைய 20,000-இல் ஒரு பங்கு. ஆய்வுக்கூடத்தாரோ 10 லிட்டர் நீரையேனும் வடிகட்டி, அந்த உயிர்களைக் காந்த மணிகளால் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயமேற்றிய பின்னரே எண்ணத் தொடங்குகிறார்கள்.

ஆகவே, ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற காட்சியை ‘நீர் சுத்தம்’ என்ற தீர்ப்பாக எவரும் கொள்ளலாகாது. பள்ளிக்கூடங்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கைக்குழந்தையுள்ள வீட்டிலோ, கருவி எதைக் காட்டினாலும், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது அடுப்பில் விட்டு ஆறவைத்த நீரையே புகட்ட வேண்டும். அந்தக் கொதியில் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய இரண்டுமே மாண்டுபோகின்றன.