காட்சித் துணுக்கும் ஆங்கிலச் சொல்லும்: ‘மை ஃபெயர் லேடி’ காட்டும் எல்லை

ஆங்கிலச் சொற்களைத் திரைப்படத் துணுக்குகள் வாயிலாகக் கற்பித்தல் இன்று பரவலாகக் கையாளப்படும் முறையாகும். சொற்பட்டியல் உயிரற்றது, திரையிலோ சொல் ஒரு மனிதரின் வாயிலிருந்து, ஒரு சூழலிற் பிறக்கின்றது என்பர். இதில் உண்மை உண்டு. எனினும் துணுக்கு எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கத்தரித்துவிடுகின்றது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. மொழி பயிலுதலையே கதைப்பொருளாகக் கொண்ட ஜோர்ஜ் கியூக்கரின் ‘மை ஃபெயர் லேடி’ (1964) இவ்வினாவுக்குப் பொருத்தமான களமாகும்.

பேர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தின் வழிவந்த இப்படத்தில், பூ விற்கும் எலைசாவுக்கு ஒலியியலாளர் ஹிக்கின்ஸ் மேட்டுக்குடி உச்சரிப்பைப் பயிற்றுகிறார். (எலைசாவாக நடித்த ஒட்ரி ஹெப்பேர்னின் பாடல்களிற் பெரும்பாலானவற்றுக்குக் குரல் கொடுத்தவர் மார்னி நிக்சன். இதழசைவைப் பார்த்து உச்சரிப்புப் பயில்வோர் இதனை மனங்கொள்வது நன்று.) அஸ்கொட் குதிரைப் பந்தயக் காட்சியில் எலைசா தன் அத்தையின் மரணத்தைப் பற்றிப் பேசுகிறாள். ஒலிப்பு மேட்டுக்குடியினருடையது, சொற்களோ தெருவுக்குரியவை. கிள்ளுதல் என்று பாடநூல் கூறும் ‘பின்ச்’ அவள் வாயில் திருடுதலாகின்றது. ‘டூ’, ‘இன்’ என்னும் இரு சிறு சொற்கள் கூடிக் கொல்லுதல் என்னும் பொருளைத் தருகின்றன. இவ்விரண்டையும் தனித்தனியே அறிந்த மாணவன் அகராதியைப் புரட்டவும் எண்ணான். அங்கிருந்த சீமாட்டி பொருள் வினவ, ஹிக்கின்ஸ் அதனை விளக்கி, இது புதுப்பாணி உரையாடல் என்கிறார். அவர் கூறிய பொருள் மெய். சொல்லுக்கு அளித்த தகுதி பொய்.

ஷாவின் மூலநாடகத்தில் இப்பொய் மேலும் தொடர்கின்றது. 1914இல் இலண்டன் அரங்கைப் பரபரப்புக்குள்ளாக்கிய ‘பிளடி’ என்னும் வசைச்சொல்லை எலைசா கூற, உயர்குடிப் பெண்ணான கிளாரா அதனைப் புதுநாகரிகம் எனக் கருதித் தானும் வழங்குகிறாள். துணுக்கிலிருந்து சொல்லைப் பொறுக்கும் மாணவனின் நிலை கிளாராவின் நிலையே. அவனும் சொல்லையும் பொருளையும் பெறுகிறான். அதனை யார், யாரிடம், எப்போது கூறலாம் என்பதைப் பெறுவதில்லை.

அஸ்கொட் காட்சியில் அதனை உணர்த்துவன கேட்போரின் முகங்களே. அவர்களது திகைப்பை நீக்கி, எலைசாவின் பேச்சை மட்டும் வெட்டியெடுத்தால் எஞ்சுவது மீண்டும் ஒரு சொற்பட்டியலே. துணுக்குகளைத் தெரிவோர் பேசுபவரில் மட்டுமே கண்வைப்பது இம்முறையின் பெருங்குறையாகும். பிறிதொரு தடையும் உண்டு. 318 திரைப்படங்களை ஆராய்ந்த வெப், ரொட்ஜர்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 95 வீதத்தை அறிவதற்கே, சிறப்புப் பெயர்கள் நீங்கலாக, 3,000 சொற்குடும்பங்கள் வேண்டும். ஆகவே தொடக்கநிலை மாணவனைத் திரைமுன் அமர்த்திவிட்டு ஆசிரியர் ஒதுங்குதல் இயலாது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்கு வழங்கும் ‘கடுவ’ என்னும் சிங்களப் பெயர், வாள் என்று பொருள்படுவது. பேராசிரியர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த தமது கட்டுரையில் இப்பெயரையே தலைப்பாக்கி, மொழிக்கும் அதிகாரத்துக்குமுள்ள உறவை ஆராய்ந்தார். இந்நோக்கிற் பார்க்கும்போது கிளாராவுக்கும் நமது மாணவனுக்குமுள்ள வேறுபாடு புலனாகும். பிறப்பால் மேட்டுக்குடியினளான கிளாராவின் பிழையை அவளது வகுப்பினர் இளமைக் குறும்பு என மன்னிப்பர். கிராமப் பாடசாலையிலிருந்து வந்து நேர்முகத்தேர்வில் அமரும் மாணவன் அதே சொல்லைக் கூறின், அவனது விண்ணப்பம் அத்துடன் ஒதுக்கப்படலாம்.