கய் ஃபிராங்கும் பெயரின்மைக் கொள்கையும்

அன்றாடம் கையில் எடுத்து நீர் அருந்தும் குவளைக்கு அதை வடிவமைத்த கலைஞனின் பெயர் வேண்டுமா என்ற வினாவை எழுப்பி, வேண்டியதில்லை என்று 1960களில் பகிரங்கமாக வாதிட்டவர், பின்லாந்தின் கண்ணாடிக் கலைக்கு நவீன உருவம் தந்த முன்னோடிகளுள் ஒருவரான கய் ஃபிராங்க். 1911இல் வீபுரியில் பிறந்த அவர், யுத்தத்தில் அந்த நகரத்தையே தேசம் இழந்து, அது அமைந்திருந்த கரேலியாப் பகுதியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து வந்த காலத்தில், 1945இல், ஹெல்சிங்கியின் அராபியா பீங்கான் ஆலையில் சேர்ந்தார். இடநெருக்கடி மிக்க வீடுகளில் ஆடம்பரமான விருந்துக் கலன்களின் தொகுதி எதற்கு என்ற சிந்தனையின் பயனாக, தனித்தனியே வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத்தக்க கில்டா பாத்திரங்கள் 1953இல் வெளிவந்தன.

1951 முதல் 1976 வரை நூட்டாயார்வி கண்ணாடி ஆலையின் கலை இயக்குநராக இருந்த காலத்தில் அவர் படைத்த கார்தியோ குவளையே (1958) அவருடைய கொள்கையின் பூரண வடிவம் என்பது என் அபிப்பிராயம். அடியில் குறுகி, நேர்கோடாக மேல்நோக்கிச் சற்றே விரியும் அக்குவளையில் தண்டில்லை, செதுக்கலில்லை, சித்திரமில்லை. அளவின் பொருத்தமும், உருகிய கண்ணாடியிலேயே கலந்துவிட்ட நிறமும் தவிர வேறு அலங்காரமே இல்லாதிருந்தும், மேஜையின் மீது வெயில் பட்டவுடன் அது அடையும் சௌந்தர்யத்தைக் காண்பவர், எளிமை என்பது வறுமையின் மறுபெயரன்று என்பதை உடனே உணர்வர். இங்கே கலைஞனின் பெயரைத் தேட வேண்டிய அவசியமே எழுவதில்லை.

ஆயினும் கொள்கையின் குறையும் இதே கண்ணாடியில்தான் புலனாகிறது. உலையிலிருந்து குழம்பை எடுப்பவரும், குழாயில் ஊதுபவரும், அச்சைத் திறந்து மூடுபவருமாகப் பலர் கூடிச் செய்யும் தொழில் அது. வடிவமைத்தவரின் பெயரை நீக்கினால் அந்த வெற்றிடத்தில் ஊதியவரின் பெயர் வந்து அமர்வதில்லை. ஆலையின் முத்திரை மட்டுமே எஞ்சி, புகழும் லாபமும் ஸ்தாபனத்தைச் சேர்கின்றன. தனிக் கலைப்பொருள்கள் பலவற்றில் ஃபிராங்கின் கையெழுத்தே பொறிக்கப்பட்டது என்பதையும் மறைத்தற்கில்லை. புழங்கு பொருள் வேறு, கலைப்பொருள் வேறு என்று அவர் சார்பில் சமாதானம் கூறலாம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அமரும் வண்ணக் குடுவைகளான ‘கிரெம்ளின் மணிகள்’ போன்ற அவருடைய சிருஷ்டிகளே அந்த எல்லைக்கோட்டை அழித்துவிடுகின்றன.

அவருடைய நிர்வாகம் அவருடைய சித்தாந்தத்தைவிட விசாலமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1963இல் நூட்டாயார்விக்கு வந்த ஒய்வா டொய்க்கா, கண்ணாடி முழுவதும் பனித்துளிகளை இறைத்தாற்போன்ற கஸ்தேஹெல்மி தட்டுகளை மறு ஆண்டே உருவாக்கியது ஃபிராங்கின் தலைமையின் கீழ்தான். தம் சுபாவத்துக்கு முற்றிலும் மாறான கற்பனைக்கு இடமளித்த அந்தப் பெருந்தன்மையை அவருடைய குவளைகளுக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

ஃபிராங்க் 1989இல் காலமானார். 1992 முதல் அவர் பெயரால் ஒரு வடிவமைப்புப் பரிசு வழங்கப்படுகிறது. நூட்டாயார்வி ஆலையில் உற்பத்தி 2014இல் நின்றது. கார்தியோவை இன்று ஈத்தாலா நிறுவனம் ஃபிராங்கின் பெயரைச் சொல்லியே விற்கிறது. குவளையைப் பற்றி அவர் கொண்ட தீர்ப்பு சரியானது. பெயரைப் பற்றிய தீர்ப்பு, ஊதியவரை மறந்ததனால், பாதியே சரியானது.