சுமை இறங்கிய இடம்

ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் அளித்த காப்பியம் ‘இரட்சணிய யாத்திரிகம்’. விருத்த நடையின் வீறு கருதி அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்பர். அப்பட்டமே நூலின் உயிர்நிலையை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

பாவச்சுமை முதுகை அழுத்த ஒருவன் ஊரைவிட்டு ஓடுகிறான். அவநம்பிக்கைச் சேற்றில் அமிழ்கிறான். சிலுவையின்முன் சுமை கழன்று வீழ்கிறது. அவிழ்த்தது அவன் கை அன்று. பன்யன் இதைச் சில வரிகளில் சொல்லிக் கடக்கிறார். கிருஷ்ணபிள்ளையோ, மூலக்கதை விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளை நீளப் பாடுகிறார். சுமந்தவர் யார் என்பதைக் காட்டாமல் அவரால் மேலே செல்ல இயலவில்லை.

உருவகப் பாத்திரங்கள் பல நிழல்களே. வருணனைகள் சில அயர்வு தருவன. ஆயின், இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் கதை நின்றுவிடுகிறது. நொறுங்கிய உள்ளமே பேசுகிறது. வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவரிடம் ஆழ்வார்தம் குழைவு மாறாமல் நின்றது. ‘என் தகுதி ஒன்றுமில்லை, அருளே கதி’ என்னும் சரணாகதிக் குரலைத் தமிழ் முன்னரே அறியும். பெட்போர்டுச் சிறையிற் கிடந்த ஆங்கிலேயரின் நம்பிக்கை அதனாலேயே நம் செவிக்கு அயலாகவில்லை.

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பன்யன் ஆங்கிலத்தில் எளிதிற் கிட்டுவார். அத்தேவாரப் பாடல்களையோ நாம்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும்.