குறுக்கே ஓடும் கோடுகள்

நீலகிரி மலையில் ஏறத்தாழ 1930 வரை ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துவந்தது. தோடர் எருமை வளர்த்தார்கள். நெய் அவர்களிடமிருந்து வந்தது. படகர் உழுதார்கள், தானியம் அவர்கள் களத்திலிருந்து வந்தது. கோத்தர் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், சாவு வீட்டில் குழலூதி மேளம் கொட்டினார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் தந்ததோடு, பில்லிசூனியத்திலிருந்து காவலும் தந்தார்கள். நான்கு மக்கள், நான்கு பேச்சு. மலைமேல் குடியிருந்து இவர்களை ஆண்ட அரசனோ படையோ கிடையாது. காசுக்கும் பெரிய வேலையில்லை. இந்தக் கோத்தர் குடும்பத்துக்கு இந்தப் படகர் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உறவு வகுத்திருந்தது.

இந்தியாவில் இந்த மலையைப் போல மானிடவியலாளர்கள் எழுதித் தள்ளிய இடம் அதிகமில்லை. ரிவர்ஸின் 'தோடர்கள்' 1906இல் வந்தது. 1937இல் மலைக்கு வந்த டேவிட் மண்டல்பாம் கோத்தரிடையே பல காலம் பணிசெய்தார். வேறுபட்டிருந்ததாலேயே ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாமல் போனவர்கள் என்று பாடநூல்கள் இம்மக்களைக் காட்டும். மண்டல்பாமை முழுக்கப் படித்தால் படம் அவ்வளவு இனிப்பாக இல்லை. செத்த எருமையின் இறைச்சி உண்பவர்கள், சாவுக்கு இசைப்பவர்கள் என்று கோத்தரை மற்றவர்கள் தாழ்வாக நடத்தினார்கள். குறும்பர் மீது எல்லோருக்கும் அச்சம். நோய் வந்தால் அவர்கள் வைத்த சூனியம் என்று பழி விழும். அந்தப் பழியின் பேரில் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

கட்டு அவிழ்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1820களில் ஆங்கிலேயர் உதகையில் குடியேறினார்கள். பின்னாலேயே சந்தை வந்தது. பித்தளைப் பாத்திரமும் இரும்புக் கருவியும் காசுக்குக் கிடைத்தன. படகர் தொகை பல மடங்கு பெருகியது. கோத்தர் ஆயிரத்தைச் சுற்றியே நின்றதால் அத்தனை பேருக்கும் அரிவாள் அடித்துக் கொடுக்க அவர்களால் ஆகவில்லை. 1930 வாக்கில் படகரில் சீர்திருத்தம் பேசியவர்கள் கோத்தர் இசை இனி வேண்டாம் என்றார்கள். கோத்தர் பக்கத்தில் சுள்ளி என்ற ஆசிரியர், மொழியியலாளர் எமனோவுக்குக் கோத்த மொழிக் கதைகளைச் சொன்னவர், பிறர் சாவுக்கு வாசிப்பதையும் செத்த மாட்டிறைச்சியையும் தம் மக்கள் விட வேண்டும் என்று வாதாடினார். இந்த ஏற்பாட்டை வியந்து எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியார். அதிலிருந்து வெளியேற விரும்பியவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

மனித வேறுபாடுகள் சமூகத்தைப் பிணைக்கின்றனவா என்ற கேள்வியைச் சுற்றி நூறாண்டுக்கு மேலாக வளர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த மலைக்கதையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இத்துறையின் தலைமை ஆசான் சமூகவியலாளர் எமில் துர்கைம். 1893இல் வெளியான உழைப்புப் பிரிவினை பற்றிய நூலில் அவர் இரண்டு வகைப் பிணைப்பைப் பிரித்தார். எல்லோரும் ஒன்றுபோல் வாழ்ந்து ஒன்றுபோல் நம்புவதால் வருவது ஒன்று. ஆளுக்கொரு தொழிலாகப் பிரிந்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தேவைப்படுவதால் வருவது மற்றொன்று. நவீன சமூகத்தை இரண்டாவதுதான் தாங்குகிறது என்றார். அதே நூலின் பிற்பகுதியில் அவர் போட்ட நிபந்தனையைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: தொழிற் பிரிவினை வலிந்து சுமத்தப்பட்டதானால் அது பிணைக்காது, பகையைத்தான் வளர்க்கும்.

அந்த நிபந்தனையின் முழு எடையையும் காட்டியவர் அம்பேத்கர். லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் கூட்டத்துக்காக எழுதி, பேச முடியாமல் போய், 1936இல் அவரே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், சாதியைத் தொழிற் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அவர் சொன்ன பதில் இன்றும் இத்துறையின் கூர்மையான வரிகளில் ஒன்று. சாதி பிரிப்பது தொழிலை மட்டுமல்ல, தொழிலாளர்களையும். அதிலும் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்றார். அடுக்கின் சூழ்ச்சி என்னவென்றால், தாழ்ந்த படியில் இருப்பவருக்கும் தனக்குக் கீழே ஒருவரைக் காட்டிவிடும். அதனால் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பது நடக்காது. 'எங்கள் ஊரில் எல்லாச் சாதியும் ஒற்றுமையாக இருந்தது' என்று பழங்கதை பேசும் நினைவுக் குறிப்புகள் தமிழில் ஏராளம். அவற்றைப் படிக்கும்போது எழுதியவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று பார்ப்பது என் வழக்கம்.

பணத் தொடர்பு மட்டும் போதுமா என்றால், அதற்கும் பர்மாவில் பதில் கிடைத்தது. அங்கே அதிகாரியாக இருந்த பர்னிவல் 1948இல் வெளியிட்ட நூலில், பர்மியர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் எல்லோரும் சந்தையில் மட்டும் சந்தித்துக் கலைந்த ஒரு சமூகத்தைப் படம்பிடித்தார். நமக்கு இது அயல்கதை இல்லை. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்கள் விரிந்ததில் நகரத்தார் கொடுத்த கடனுக்குப் பெரிய பங்குண்டு. உழவருக்கு வட்டிக்கடை தேவை, வட்டிக்கடைக்கு உழவர் தேவை. துர்கைம் கணக்கில் கச்சிதம். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. அடமான நிலங்கள் கைமாறின. 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு நகரத்தார் பெயரில் இருந்தது. 1930இலும் 1938இலும் அங்கே இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. கடன் சீட்டைத் தவிர இரு தரப்பையும் இணைக்க வேறு எதுவும் இருக்கவில்லை.

அப்படியானால் எது பிணைக்கும்? எனக்கு மிகவும் பிடித்த விடை மானிடவியலாளர் மாக்ஸ் கிளக்மனுடையது. ஆப்பிரிக்கச் சமூகங்களின் வழக்காறும் பூசலும் பற்றி அவர் நிகழ்த்திய வானொலி உரைகள் 1955இல் நூலாயின. தெற்கு சூடானின் நூவர் மக்களிடையே பழிக்குப் பழி வாங்கும் வழக்கம் இருந்தது, ஆனால் அது ஓயாத போராக மாறவில்லை என்றார். காரணம், ஒருவன் சண்டைக்குப் போக வேண்டிய ஊரில் அவன் பெண் கொடுத்திருக்கிறான். அவன் மாடு அங்கே மேய்கிறது. அவன் மாமன் அங்கே இருக்கிறான். ஒரு கோட்டில் எதிரியாக நிற்பவர் இன்னொரு கோட்டில் உறவாகிறார். கயிற்றுக் கட்டிலில் கயிறுகள் குறுக்கும் நெடுக்கும் போவதால்தான் ஆள் படுக்க முடிகிறது. எல்லாம் ஒரே திசையில் ஓடினால் முதுகு தரையில்தான். மனிதர்களுக்கிடையே எத்தனை வேறுபாடு என்பதைவிட, அந்த வேறுபாடுகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கிடக்கின்றனவா, ஒன்றையொன்று வெட்டிப் போகின்றனவா என்பதே கேள்வி. இலங்கையில் மொழி, சமயம், வட்டாரம் மூன்றும் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும் கோடுகள். ஆனாலும் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராகப் பொன்னம்பலம் அருணாசலம் என்ற தமிழர் இருக்க முடிந்தது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு அரசு வேலையும் அதே கோட்டில் வந்து சேர்ந்தது.

கேலி உறவு பற்றிய ஆய்வுகளையும் இங்கே சேர்க்க வேண்டும். ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரை தொடக்கம். யாரை யார் கிண்டல் செய்யலாம் என்பதற்குப் பல சமூகங்களில் இலக்கணம் உண்டு. மச்சானைச் சீண்டாத வீடு தமிழகத்தில் ஏது? மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் இது குடும்பப் பெயர்களுக்கிடையே, இனம் கடந்து ஓடுகிறது. குறிப்பிட்ட இரண்டு பெயர்க்காரர்கள் சந்தித்தால், முன்பின் தெரியாவிட்டாலும், ஒருவரை ஒருவர் அவரைக்காய்த் தின்னி என்று வம்புக்கிழுக்கலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. டன்னிங், ஹாரிசன் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனையில், வேறு இன வேட்பாளராக இருந்தாலும் கேலி உறவுப் பெயர் கொண்டவரானால் மக்கள் அவரைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டதைக் காட்டினார்கள். மாலி அரசியலில் இன அடிப்படைக் கட்சிகள் தலையெடுக்காததற்கு இது ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். ஆனால் அதே மாலியில், 2019 மார்ச்சில், ஒகொசாகு என்ற, புலானி இனத்தவர் வாழும் ஊரில் ஏறத்தாழ 160 பேர் இனத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். மேய்ச்சல் நிலம் சுருங்கி, ஆயுதக் குழுக்கள் புகுந்து, அரசு கைவிட்ட இடத்தில் கேலி மட்டும் காவல் நிற்காது.

எண்களை நம்புகிறவர்களிடம் வருவோம். அரசியலறிஞர் ராபர்ட் புட்னம் அமெரிக்காவின் 41 வட்டாரங்களில் ஏறத்தாழ 30,000 பேரிடம் திரட்டிய தரவை வைத்து 2007இல் எழுதிய கட்டுரை பெரும் புயலைக் கிளப்பியது. பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் மக்கள் பிற இனத்தவரை மட்டுமல்ல, தம் இனத்தவரையும் குறைவாக நம்புகிறார்கள், வீட்டோடு ஒடுங்கிவிடுகிறார்கள் என்றார். அவர் பன்மைக்கு எதிரியல்லர். காலப்போக்கில் புது அடையாளங்கள் உருவாகி இது சரியாகும் என்றும் எழுதினார். அந்தப் பாதியை எதிரிகளும் ஆதரவாளர்களும் மறந்துவிட்டார்கள். 2015இல் அபஸ்கல், பால்டசாரி இருவரும் அதே தரவை மறுபடி அலசி, நம்பிக்கை குறைவதற்கு வறுமை, அடிக்கடி வீடு மாறுதல் போன்றவற்றின் பங்கே பெரிது என்றார்கள். 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை, நம்பிக்கையின் மீது பன்மைக்கு எதிர்மறை விளைவு உண்டு, ஆனால் சிறியது என்கிறது. இந்த வழக்கை இப்போதைக்கு இத்தோடு விடலாம்.

இந்தியாவுக்கு நெருங்கிய பணி அரசியலறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணேயுடையது. 1950 முதல் 1995 வரை நடந்த இந்து–முஸ்லிம் கலவரச் சாவுகளில் ஏறத்தாழ 46 சதவீதம் எட்டே நகரங்களில் நேர்ந்தது. கிராமங்களின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் நாடு முழுவதுக்கும் பொதுவான வெறுப்பைக் காரணம் காட்டுவது பொருந்தாது. அவர் நகரங்களை இணை இணையாக எடுத்தார். அலிகாரும் கோழிக்கோடும் ஓர் இணை. இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கோழிக்கோட்டில் 83 சதவீதத்தினர் சேர்ந்து உண்பதாகச் சொன்னார்கள், அலிகாரில் 54. குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதாகச் சொன்னவர்கள் கோழிக்கோட்டில் 90, அலிகாரில் 42. ஆனாலும் அண்டை வீட்டுப் பழக்கத்தைவிட, வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை, கட்சி போன்ற அமைப்புகளில் இரு மதத்தாரும் கலந்திருப்பதே பெரிய கலவரத்தைத் தடுக்கிறது என்பது அவர் முடிவு. வதந்தி கிளம்பும் இரவில் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு முக்கியம்: கேரளத்தில் இருபதாம் நூற்றாண்டு அரசியலின் பெரும் சண்டை இந்துக்களுக்குள்ளேயே நடந்த சாதிச் சண்டை. அந்தக் கோடு மதக் கோட்டைக் குறுக்கே வெட்டியது.

பால் பிராஸ் இதை ஏற்கவில்லை. கலவரம் தானாக மூள்வதில்லை, அதை உருவாக்கும் ஆட்களும் வலைப்பின்னலும் இருக்கின்றன என்று அதே அலிகாரை வைத்தே 2003இல் எழுதினார். மறு ஆண்டில் ஸ்டீவன் வில்கின்சன், சிறுபான்மையர் வாக்கு தேவைப்படும் அரசு போலீசை ஏவிக் கலவரத்தை நிறுத்திவிடும் என்று காட்டினார். இருவரும் சொல்வது சரி. ஆனால் கலவரத்தை அடக்குவதும் சமூகத்தைப் பிணைப்பதும் வேறு வேறு வேலைகள்.

சௌமித்ர ஜாவின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை இடைக்காலத் துறைமுகங்களைப் பற்றியது. 1850 முதல் 1950 வரை, அந்தத் துறைமுக ஊர்களில் மற்ற ஊர்களைவிட ஐந்து மடங்கு குறைவாகவே கலவரங்கள் நடந்தன. இடைக்காலத்தில் அரபுக் கடல் வணிகம் முஸ்லிம் வணிகர் கையில். அந்தத் தொடர்பை உள்ளூர் இந்து வணிகர் பறித்துக்கொள்ளவும் முடியாது, தாமே உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. போட்டி இல்லை, தேவை உண்டு. அந்தத் தேவையைச் சுற்றிக் கூட்டு அமைப்புகள் வளர்ந்தன; வணிகம் போன பின்னும் அவை நின்றன. நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். கடன் சீட்டு மட்டுமே இருந்த பர்மாவுக்கும் நாகூருக்கும் உள்ள தூரம் இங்கேதான்.

கடைசியாகப் பழகிப் பார்க்கும் சோதனைகள். வேறு பிரிவினர் பழகும்போது வெறுப்பு குறைய உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் போட்ட நிபந்தனைகள்: சம நிலை, பொதுக் குறிக்கோள், ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களைச் சேர்த்து ஒரு மாதம் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். கட்டுரை 2021இல் வந்தது. ஒரே அணியில் ஆடியவர்களிடம் வேறு சாதி நட்பு கூடியது. எதிரணியாகச் சந்தித்தவர்களிடம் அப்படி நடக்கவில்லை. ஈராக்கில் சல்மா மூசா கிறித்தவக் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துப் பார்த்தார். மைதானத்துக்குள் உறவு நன்றாக வளர்ந்தது; முன்பின் அறியாத முஸ்லிம்களிடம் அது நீளவில்லை என்று 2020இல் அவர் நேர்மையாக எழுதினார்.

தமிழகத்தில் இதைவிடப் பெரிய சோதனை அரசாலேயே நடத்தப்பட்டிருக்கிறது. தென்மாவட்டச் சாதி மோதல்களுக்குப் பின் 1997இல் அறிவிக்கப்பட்டு, 1998இல் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்கள்: நூறு வீடு, அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. பொதுச் சுடுகாடு, பொது மண்டபம். கோடுகளைத் திட்டமிட்டு வெட்டிப்போட்ட இந்த ஊர்களில் முதலில் பிறந்த பிள்ளைகள் இன்று இருபதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்கள் யாரோடு தொழில் செய்கிறார்கள், எந்தச் சங்கத்தில் சேர்கிறார்கள், யாரை மணக்கிறார்கள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து எதில் வேறுபடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். நம் பல்கலைக்கழகச் சமூகவியல் துறைகள் முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர்களை முதலில் அங்கே அனுப்பட்டும்.