சாய்னாவின் முட்டி சொல்லும் பாடம்

முழங்கால் குருத்தெலும்பு மோசமாகிவிட்டது, மூட்டுவாதம் வந்துவிட்டது என்று 2024 செப்டம்பரில் பாட்மின்டன் வீராங்கனை சாய்னா நெவால் சொன்னபோது அவருக்கு வயது 34. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2015-ல் உலகத் தரவரிசையில் முதலிடம் என உச்சம் தொட்டவர். இப்படி ஒரு செய்தி வந்தாலே, "ரொம்ப ஆடினா முட்டி தேஞ்சுதான் போகும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பினால் பிள்ளைகள் மைதானத்துக்கே போக மாட்டார்கள்.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அது ஸ்பாஞ்சு போல அமுங்கி நீரை வெளியேற்றும். காலை எடுத்ததும் மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊட்டம் அதற்குள் போவதற்கு இந்த அழுத்தம் உதவுகிறது. தண்டுவடம் அடிபட்டுக் கால் அசையாமல் போனவர்களை ஸ்கேன் செய்தபோது, முழங்கால் குருத்தெலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான அலசல் ஒன்று உண்டு. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2, போட்டி ஓட்டக்காரர்களில் 13.3. உடல் எடையும் பழைய காயங்களும் இந்த எண்களில் கலந்திருக்கலாம். ஆனாலும், அளவாக ஓடுவதால் முட்டி கெடுகிறது என்பதற்கு இதில் ஆதாரமே இல்லை.

அளவான ஓட்டம் வேறு, போட்டி ஆட்டத்தின் சுமை வேறு. பாட்மின்டனில் நெட்டுக்கு அருகே விழும் டிராப் ஷாட்டை எடுக்கப் பாய்பவரைக் கவனியுங்கள். முன்னங்கால் குதிகால் தரையில் இறங்குகிறது, முட்டி மடங்குகிறது, பாய்ந்து வந்த உடல் முழுவதும் அந்த ஒரு காலில் நிற்கிறது. அடுத்த நொடியே பின்னால் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். அந்த அதிர்ச்சியில் பெரும்பங்கைத் தொடைத்தசை வாங்கிக்கொள்ளும். தசை களைத்துவிட்டால் சுமை மூட்டின் தலையில் விழும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஆடிய சாய்னா, குழுச் சுற்றிலேயே உக்ரைனின் மரியா உலிட்டினாவிடம் தோற்றார். பிறகு அறுவை சிகிச்சை. 2017-ல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம், 2018-ல் காமன்வெல்த் தங்கம் என்று மீண்டு வந்தது அபாரமான உழைப்பு. அவர் மூட்டுவாதத்துக்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆனால் பொதுவாக, முழங்காலில் ஜவ்வு கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் வருகிறது. காயம்பட்ட மூட்டில் சுமை விழும் இடமே மாறிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

நம் அகாடமிகள் பதக்கங்களை எண்ணுகின்றன. பிள்ளையின் முட்டி தாங்கிய சுமையையும் எண்ண வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை போட்டி, எத்தனை நாள் ஓய்வு என்று நோட்டில் எழுதுங்கள். பயிற்சி நேரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்காதீர்கள். தொடைத்தசையைப் பலப்படுத்துங்கள். பயிற்சிக்கு மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால் சுமை கூடிவிட்டது என்று பொருள். அந்தப் பிள்ளையைக் களத்தில் இறக்கும் பயிற்சியாளரைப் பெற்றோர் தடுக்க வேண்டும். ஒரு போட்டி போனால் அடுத்தது வரும். குருத்தெலும்பு போனால் பழையபடி வளராது.