மீட்கப்பட்ட பிறகு: பிரிவினை நாவல்களில் பெண்கள்

1947 பிரிவினையை எழுதிய நாவல்களை மொழிவாரியாகப் பிரித்துப் பேசுவதுதான் வழக்கம்: பஞ்சாபிக்கு ஒருவர், வங்காளத்துக்கு ஒருவர், இந்திக்கு இருவர். பெண்களுக்கு நேர்ந்ததை அவை எப்படிக் கையாண்டன என்று கேட்டால் இந்தப் பாகுபாடு அதிகம் உதவாது. கலவரம் நடந்த இரவோடு பெண்ணின் கதையை முடித்துக்கொள்ளும் நாவல்கள் ஒரு மரபு. அந்த இரவுக்குப் பிறகு அவள் எங்கே படுத்தாள், யார் சோறு போட்டார்கள், யார் வீட்டுக்குள் விட மறுத்தார்கள் என்று பின்தொடரும் நாவல்கள் இன்னொரு மரபு. இந்த இரண்டாவது மரபின் அளவுகோலைக் கொண்டே முதலாவதையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. இந்தியாவில் கடத்திவைக்கப்பட்ட முஸ்லிம் பெண்கள் 50,000 பேர், பாகிஸ்தானில் இந்து, சீக்கியப் பெண்கள் 33,000 பேர் என்பது அன்றைய அதிகாரபூர்வ மதிப்பீடு. 1947 டிசம்பரில் இரு நாடுகளும் இவர்களைத் தேடி மீட்க உடன்பட்டன; 1949-இல் இந்தியா அதற்கென்று சட்டமே இயற்றியது. 1947 மார்ச் 1-க்குப் பிறகு குடும்பத்தைப் பிரிந்து வேற்று மதத்தவர் வீட்டில் இருக்கும் பெண் எந்த வயதினளானாலும் போலீஸ் அவளை அழைத்துப் போகலாம் என்றது அந்தச் சட்டம். அவளுக்குச் சம்மதமா என்று கேட்க அதில் இடமிருக்கவில்லை. இன்னொரு பக்கம், திரும்பி வரும் பெண்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியும் நேருவும் ஊரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக் கதவுகள் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆக, குற்றம் இரண்டு தடவை நடந்தது. கடத்தியவன் செய்ததற்காவது சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. கதவைச் சாத்தியவர்கள் செய்ததற்குப் பெயரே இல்லை. 1998-இல் ஊர்வசி புட்டாலியாவும், ரீத்து மேனன், கமலா பாசின் இருவரும் வாய்மொழிச் சான்றுகளை நூல்களாகத் தரும்வரை, இந்த இரண்டாவது குற்றத்தைப் பெரும்பாலும் கதைகள்தான் பதிந்துவைத்தன.

முதல் மரபில் உயர்ந்த படைப்பு பீஷ்ம சாஹ்னியின் ‘தமஸ்’ (1974). 1988-இல் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது தமிழ்நாட்டிலும் பலர் பார்த்தது. சீக்கியப் பெண்கள் வரிசையாகக் கிணற்றில் குதிக்கும் அதன் காட்சிக்குப் பின்னால் 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோஹா கால்சாவில் நடந்த நிகழ்ச்சி இருக்கிறது. மானத்துக்காக மாண்டார்கள் என்று கைகூப்ப வைக்கும் ஆபத்து அந்தக் காட்சியில் உண்டு. குதிக்காமல் உயிரோடு மிஞ்சியவள் அந்தப் பெருமையில் குற்றவாளி ஆகிவிடுகிறாள். சாஹ்னிக்கு இது தெரியாமல் இல்லை. பின்னால் நிவாரண அலுவலகத்தில் கணக்கெடுக்கும் குமாஸ்தாவிடம் ஒருவர் வந்து, கிணற்றில் கிடக்கும் தம் மனைவியின் கையிலிருந்து தங்க வளையல்களைக் கழற்றிக்கொள்ள வழி கேட்கிறார். தியாகத்தின் மேல் பூசிய மினுக்கையெல்லாம் அந்த ஒரு விண்ணப்பம் சுரண்டி எடுத்துவிடுகிறது. நாவலின் ஆகச் சிறந்த இடம் அதுதான். அது கிணற்றுக்குப் பிந்தைய இடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

யஷ்பாலின் ‘ஜூட்டா சச்’ (1958, 1960) இரண்டாவது மரபைச் சேர்ந்தது; கலவரத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை இரண்டு பெருந்தொகுதிகளில் விரிக்கிறது. பந்த்தி என்ற பெண் அலைந்து திரிந்து தன் குடும்பத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவர்கள் உள்ளே விட மறுக்க, வாசற்படியிலேயே தலையை மோதிக்கொண்டு சாகிறாள். நாயகி தாரா படித்து, டில்லியில் அரசு அதிகாரியாகிறாள். சம்பளம், வாடகை, அலுவலக வம்பு என்று மீண்டெழும் பெண்ணின் பொருளாதாரத்தை இவ்வளவு பொறுமையாக எழுதிய இன்னொருவர் அந்தத் தலைமுறையில் இல்லை. அரசாங்க வேலை எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் சற்று மிகை.

அம்ரிதா பிரீதமின் ‘பிஞ்சர்’ (1950) அளவில் சிறியது, துணிவில் பெரியது. பூரோவை ரஷீத் கடத்துவது கலவரத்தில் அல்ல, அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, இரண்டு குடும்பங்களின் பழைய பகையில். அவன் வீட்டுப் பெண்ணை இவள் வீட்டு ஆள் ஒருவன் முன்பு தூக்கிப்போயிருந்தான். வட்டிக் கணக்கைப் போலப் பெண்கள் கைமாறுகிறார்கள். தப்பித்து இரவில் ஓடிவரும் பூரோவைப் பெற்றவர்களே திருப்பி அனுப்புகிறார்கள். அவள் கையில் ஹமீதா என்ற புதுப் பெயர் பச்சை குத்தப்படுகிறது. 1947 வரும்போது, ஊரே இப்போது செய்வதை அவள் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறாள். அதனால்தான் கடத்தப்பட்ட தன் சகோதரனின் மனைவி லாஜோவை மீட்க அவளால் முடிகிறது. லாஜோவை எல்லை கடத்தி அனுப்பிவிட்டு, தான் ரஷீதோடு நின்றுவிடுகிறாள். கடத்தியவனை நல்லவனாக்கிவிட்டார் அம்ரிதா என்ற குற்றச்சாட்டு இங்கே எழுகிறது. அதில் பாதி நியாயம். ரஷீதின் மனமாற்றம் வேண்டிய அளவு எழுதப்படவில்லை, நம்பச் சொல்கிறார், நம்புகிறோம். ஆனால் பூரோ தங்குவதை மன்னிப்பாகப் படிப்பது தவறு. போ என்று ஒரு முறை தள்ளியவர்கள் இப்போது வா என்கிறார்கள். இரண்டு முறையும் அவளைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. அவளே எடுத்த முதல் முடிவு அந்த மறுப்பு. நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில்தான், இப்படி மறுக்கும் உரிமையே இல்லாத சட்டம் வந்திருந்தது.

இரண்டாவது மரபைப் போல வன்முறையை நேராகக் காட்டாமல் விட்டால் வாசகன் அதிர்ச்சியடையாமல் தப்பிவிடுவானே என்று கேட்கலாம். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் சிறுகதைகள் அந்த அதிர்ச்சிக்கு நல்ல வாதம். ஆனால் சிறுகதைக்கு ஒரு கணம் போதும்; நாவலுக்கு வருடங்கள் வேண்டும். பாப்சி சித்வாவின் ‘ஐஸ் கேண்டி மேன்’ (1988) இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. லாகூரில் கடத்தப்படும் ஆயாவைப் பார்சிச் சிறுமி லென்னியின் கண்வழியே மட்டும் காண்கிறோம். மீண்டு வரும் ஆயாவின் வெறித்த பார்வைக்கு அப்பால் அவள் மனத்துக்குள் நாவல் போவதில்லை.

ஜோதிர்மயீ தேவியின் வங்க நாவல் ‘ஏபார் கங்கா ஓபார் கங்கா’ அறுபதுகளின் பிற்பகுதியில் வந்தது. 1946 நவகாளிக் கலவரத்தில் சுதாராவின் குடும்பம் சிதறுகிறது. அவள் மயங்கி விழுகிறாள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. முஸ்லிம் அண்டை வீட்டார் அவளைக் காத்து, கல்கத்தாவுக்குச் சேர்க்கிறார்கள். அங்கே உறவினர் வீட்டில் அவள் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடக் கூடாது, சமையலறைக்குள் போகக் கூடாது. கல்யாண வீட்டில் மற்றவர்களோடு பந்தியில் உட்கார வைக்காமல் தனியே சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். 25 வயதில் விதவையான ஜோதிர்மயீக்கு ஆசாரத்தின் இந்த நுணுக்கங்கள் ஏட்டறிவு அல்ல. என்ன நடந்தது என்று தெரியாமலேயே வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது. எழுதாமல் விட்ட அந்தச் சம்பவமே நாவலின் வாதம். நடந்ததைச் சொல்லியிருந்தால், அது நடந்ததா இல்லையா என்பதை வைத்து வாசகரும் அந்த வீட்டாரைப் போல எடைபோடத் தொடங்கியிருப்பார்கள். சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியையாக டில்லியில் தனித்து வாழும் சுதாராவிடம் ஒருவன் வந்து மணம் பேசுவதாக நாவலை முடித்திருப்பதுதான் குறை. இத்தனை ஆண்டு ஒதுக்கலுக்கு ஒரு மாப்பிள்ளை ஈடாக மாட்டான். அந்தக் கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படித்தாலும் நாவலுக்கு எந்தச் சேதமும் இல்லை.